வேலம்மாளின் கால் வலி

"இது நியூரோபதிக் வலி. மருந்தைக் கூட்டணும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுங்க," என்றார் டாக்டரம்மா.

வாயில் நுழையாத பேரைச் சொல்லி மருந்து விற்பவர்களை நான் நம்புவதில்லை. "என் பொண்டாட்டிக்குக் கால் கடுக்குது, அவ்வளவுதான்."

"அப்ப நீங்களே பாருங்க ஐயா." வலிக் கையுறையை எனக்கு மாட்டினார். வேலம்மாளின் வலி ஒரு நிமிடம் எனக்கு வருமாம்.

"அவருக்குத் தலைவலின்னாலே ஊர் கூடணும், டாக்டரம்மா," என்று சிரித்தாள் வேலம்மாள்.

என் காலுக்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டு இழுத்ததுபோல் இருந்தது. பத்து எண்ணுவதற்குள், "கழட்டுங்க!" என்று கத்தினேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்று வேலம்மாளிடம் கேட்டேன்.

"மூணு வருஷமா."

உடனே கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தால், அந்தக் காலோடு எழுந்துபோய், எனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.