பட்டிக்குள் இரண்டு எழுத்து

கூரையின் கண்ணாடி ஓட்டு வழியாக இறங்கும் கோயமுத்தூர் வெயில் கரும்பலகையில் நிற்கிறது. மேசைமேல் தையல் கூடை காத்திருக்கிறது. இந்தக் கணக்கு வராவிட்டால் நாளை முதல் நாலாம் பாரத்து வகுப்புப் பெண்களுக்கு அல்ஜீப்ரா கிடையாது, தையல்தான் என்று மேசையருகே நிற்கும் தலைமையாசிரியை ஜெபமணி சொல்லிவிட்டார். பட்டியில் வெள்ளாடும் செம்மறியும் மூன்றுக்கு நான்கு விகிதம், ஆறு வெள்ளாட்டை விற்றபின் ஒன்றுக்கு இரண்டு, முதலில் எத்தனை? பெருந்துறைக் குடியானவர் மகள் சென்னியம்மாள் பலகை முன் நின்று எல்லா ஆட்டையும் ஒரே எக்ஸில் அடைத்துவிட்டுத் திணறுகிறாள். பின்பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள். சட்டென்று உள்ளங்கையாலேயே பலகையைத் துடைக்கிறாள். “ஏனுங்க டீச்சரம்மா, வெள்ளாடு வேலியில தாவித் தழை கடிக்கும், செம்மறி குனிஞ்ச தலை நிமிராதுங்க. ரெண்டுக்கும் ஒரே எழுத்து எப்படிங்க ஆகும்?” வெள்ளாட்டுக்கு எக்ஸ், செம்மறிக்கு ஒய். சாக்பீஸ் கிறீச்சிடுகிறது. நாலு எக்ஸ், மூன்று ஒய்க்குச் சமம். எக்ஸில் ஆறைக் கழித்து இரட்டித்தால் ஒய். வரிகள் மளமளவென்று இறங்குகின்றன: வெள்ளாடு பதினெட்டு, செம்மறி இருபத்து நான்கு. ஆறை விற்றும் பார்க்கிறாள்; பன்னிரண்டுக்கு இருபத்து நான்கு. அடியில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, வெள்ளை பூத்த கையோடு திரும்புகிறாள். “ஆட்டையெல்லாம் அடைச்சுப் பட்டிப் படலச் சாத்திப்போட்டேனுங்க!” தோழிகள் தட்டுவதில் பெஞ்சுகள் அதிர்கின்றன. ஜெபமணி தையல் கூடையை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளுகிறார்.