பத்து, பத்து, பத்து, பூஜ்யம்

"ஓசியிலேயே வர்றதா முடிவு பண்ணிட்டியாம்மா, ஒட்டிலியா?" வில்மார் திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

காலுக்கு நான்கு சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் ஷூவைக் கட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி நாற்பத்திரண்டு கிலோமீட்டர். குழுவுக்கு நான்கு பேர். நாலாவது ஆள் எல்லைக் கோட்டைத் தாண்டினால்தான் குழு வந்து சேர்ந்ததாகக் கணக்கு. ஆறு வருஷமாகப் பக்கத்து ஊர் சொகமோசோக்காரர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம்.

முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். அவர் முதுகை ஒட்டி வருகிறவர்களுக்குப் பாதி உழைப்பு மிச்சம். அதனால் முறை வைத்துப் போவோம். ஆளுக்குக் காலால் இருநூறு தள்ளல். பிறகு விலகி, வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். குழுவில் மூத்தவன் நான். எண்ணுவது என் வேலை.

பதினெட்டாவது கிலோமீட்டர் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒட்டிலியா ஆறு முறை முன்னால் வந்தாள். பால் வண்டி ஓட்டுகிறவள். உறுதியான கால்.

அங்கேதான் ஒரு குழியில் விழுந்து என் வலது காலின் முன்சக்கரம் பிளந்தது. கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. வெங்காய வயல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குழுவின் இன்னொருவனான பானோர் என் காலை நீவிவிட்டான். வில்மார் எங்கிருந்தோ சுடச்சுட வெல்லத் தண்ணீர் வாங்கி வந்தான்.

"ஷூவைக் கழற்றிக் குடுங்க பெரியவரே, நான் மாட்டித் தர்றேன்" என்று ஒட்டிலியா அதையும் உதிரிச் சாமான் பையையும் எடுத்துக்கொண்டு, வெங்காய மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பினாள்.

நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

"தேஞ்சதா இருக்கே! புதுசா ரெண்டு வெச்சிருந்தேனே?"

"புதுசு வழுக்கும். ரோடு ஈரமா இருக்கு. போட்டுக்கோங்க, நேரமாகுது."

அதற்கப்புறம்தான் அவள் மாறிப்போனாள்.

அவள் முறை வந்தபோது வில்மார் விலகி வழிவிட்டான். அவள் வரவில்லை. எங்கள் எல்லோரையும் முன்னால் விட்டு, கடைசியில் ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்க முறை!" என்றான் பானோர்.

"நீங்க போங்கப்பா. நான் விட்டுட மாட்டேன்."

"கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லை பெரியவரே."

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

"எங்க முதுகுல என்ன மெத்தையா போட்டிருக்கு?" என்றான் வில்மார். "நல்லாத் தூங்கி எழுந்திரு தாயே, முடிஞ்சதும் காபி தர்றோம்!"

பானோர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பதாவது கிலோமீட்டரில் சொகமோசோக்காரர்களின் பச்சைச் சட்டைகள் தெரிந்தன. நால்வரும் தளர்ந்திருந்தார்கள்.

"இப்ப விட்டா இன்னும் ஆறு வருஷம்!" என்று வில்மார் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தான். பின்னால் பானோர். அவன் பின்னால் நான். எனக்குப் பின்னால் கடைசி ஆளாக ஒட்டிலியா. அவள் பின்தங்கினால் எல்லாம் வீண். சரிவில் அவள் கால் தடதடவென்று சாலையில் அடிக்கும் சத்தம் கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் என்னை விட்டு விலகவே இல்லை.

அவர்களைக் கடந்து, எல்லைக் கோட்டையும் கடந்தோம்! ஊர் மணி அடித்தது, பட்டாசு வெடித்தது, பேண்டு முழங்கியது. எங்கள் நாலாவது ஆளுக்கும் அவர்களுடைய நாலாவது ஆளுக்கும் ஒன்பது விநாடி வித்தியாசம்.

வில்மார் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு சவாரி. பச்சைச் சட்டைக்காரர்களே வந்து கை குலுக்கினார்கள்.

"மகாராணிக்கும் ஒரு பதக்கம் மாட்டுங்கப்பா!" என்றான் வில்மார். "பல்லக்குல வந்தாலும் வந்தது வந்ததுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டிலியா தனியாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள். எங்களில் யாருக்கும் அவ்வளவு வேர்வை இல்லை. பின்னாலேயே வந்தவளுக்கு இவ்வளவு வேர்வையா என்று நினைத்துக்கொண்டேன்.

வெற்றி வேறு, முறை வேறு. கீழே இறங்கி அவளிடம் போனேன்.

"அந்தச் சக்கரம் மாத்தினதுக்கப்புறம் முப்பது முறை ஆள் மாறியிருக்கோம், ஒட்டிலியா. வில்மார் பத்து, பானோர் பத்து, நான் பத்து. நீ பூஜ்யம்."

"ஆமாங்க."

"காரணம் ஏதாவது இருக்கா?"

அவள் கழற்றிப்போட்ட ஷூக்களையே பார்த்தாள்.

"அப்ப அடுத்த வருஷத்துக்கு நாங்க வேற ஆள் பார்த்துக்கறோம்."

"சரிங்க பெரியவரே. ஆனா இன்னிக்கு ஜெயிச்சோமே, அது போதும்." சிரித்தபடி உதிரிச் சாமான் பையை என்னிடம் நீட்டிவிட்டு, காபி வாங்கப் போனாள்.

எதையும் திரும்ப வாங்கும்போது சரிபார்ப்பது என் வழக்கம். பையைத் திறந்தேன்.

நான் வைத்த புதுச் சக்கரம் இரண்டும் அப்படியே இருந்தன.

ஒன்றைக் கையில் எடுத்தேன். போன வருஷத்து அளவு. இந்த வருஷம் நால்வரும் பெரிய சக்கரத்துக்கு மாறியிருந்தோம். இரண்டு என்று எண்ணி வைத்தவன், அளவைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

புல்லில் அவளுடைய ஷூக்கள் கவிழ்ந்து கிடந்தன. குனிந்து சக்கரங்களை எண்ணினேன்.

எதையும் இரண்டு தடவை எண்ணுகிறவன் நான். திரும்பவும் எண்ணினேன்.

ஏழுதான்.