கேரட் கலர்

மனைவி கண்ணை மூடி முழுசாக ரெண்டு மாசம் ஆகவில்லை. அதற்குள் கலர்காரர் பெண்கள் அலங்காரக் கடைக்குள் நுழைவதை எதிர்வரிசைத் தையல்காரர் பார்த்துவிட்டார்.

"அடுத்த ஏற்பாடு ஆரம்பிச்சாச்சு போல" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே.

கலர்காரர் காதில் அது விழுந்தது. விழாத மாதிரி உள்ளே போனார். உண்மைக் காரணத்தைச் சொல்வதற்கு இந்தப் பழி எவ்வளவோ தேவலை.

பெயிண்ட் கடையில் இருபத்தெட்டு வருஷமாகக் கலர் கலக்குகிறவர். பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வந்து நீட்டினால் போதும், அதே நிறத்தைக் கண்ணாலேயே பிடித்துக் கலக்கிக் கொடுத்துவிடுவார். அதனால்தான் தெருவில் எல்லாருக்கும் அவர் கலர்காரர்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைக்கு வேறு வேலை. மனைவி இருந்த நாளில், அவள் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவளுடைய மேக்கப் பெட்டியைத் திறந்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன்னைப் பெண்ணாக்கிக்கொள்வார். வாரம் முழுக்க அவர் நிம்மதியாக மூச்சு விடுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றது. கண் மை கைவந்துவிட்டது. புருவமும் தேவலை. தாடைதான் மானத்தை வாங்கியது. எவ்வளவு வழித்தாலும் நீலமாகத் தெரியும். மேலே மேலே பூசினால் சாம்பல் பூத்துவிடும்.

மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நினைத்திருந்தார். நல்லவேளை, கிளம்புமுன் தவறாமல் ஃபோன் பண்ணுவாள். "கிளம்பிட்டேங்க. வர முக்கால் மணி நேரம் ஆகும்." முகம் கழுவ அது தாராளம்.

இப்போது பெட்டியில் பவுண்டேஷன் தீர்ந்துவிட்டது. வாங்கி வைக்க ஆளில்லை.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்மா" என்று காலி டப்பாவை நீட்டினார். "என் அக்கா பொண்ணுக்கு."

கடைக்காரம்மா டப்பாவைத் திருப்பிக் கலர் நம்பரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இந்த நம்பரை விடாம வாங்கறது ஒரே ஒரு அக்காதான். நீங்க அவங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"கேள்விப்பட்டேன் சார். மனசே ஆறலை. பதினோரு வருஷமா வந்துக்கிட்டிருந்தாங்க."

 துக்கத்தை மறைக்க, பழக்கதோஷம், கேலியில் இறங்கினார்.

"வந்து என்ன பிரயோஜனம்? அவளுக்குக் கலரே பார்க்கத் தெரியாது. அவ நிறத்துக்கு இது ரெண்டு படி கருப்பு. வாங்கிட்டு வருவாளே தவிர ஒரு நாள்கூடப் போட்டதில்லை."

இதைச் சொல்லிச் சிரிக்காத இடமில்லை. "கலர் கலக்கறவன் பொண்டாட்டிக்குக் கலர் தெரியலை பாருங்க" என்று சொந்தபந்தம் முன்னாலேயே வாருவார். யாருக்கும் தன்மேல் சந்தேகம் வந்துவிடக்கூடாது, அதுதான் கணக்கு. அவள் பெட்டியில் ஒரு கேரட் கலர் லிப்ஸ்டிக் கிடைத்த அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். "இதை எந்த உதட்டுலம்மா போடுவே?" என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவரே அதை உதட்டில் போட்டுப் பார்த்தார். சகிக்கவில்லை. குப்பையில் எறிந்தார். மறுமாசம் அதே இடத்தில் புதுசு ஒன்று இருந்தது. அதையும் எறிந்தார். மறுபடி ஒன்று வந்தது, அதுவும் குப்பைக்குப் போனது. மறதிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை.

"அவங்களுக்கா கலர் தெரியாது? முதல்தடவை வந்தப்ப ஒவ்வொரு டப்பாவா எடுத்துக் கையில கோடு கோடா தடவிக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. மறுநாள் வந்து, 'இது இல்லை, இன்னும் கொஞ்சம் கருப்பு'ன்னாங்க. நாலு நாள் அலைஞ்சு இந்த நம்பரைப் பிடிச்சாங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது அவள் தன் கையை அவர் கன்னத்துப் பக்கத்தில் கொண்டுவந்து கொண்டுவந்து எடுத்தாள். "கையில என்னடி சேறு?" என்று அதட்டியிருந்தார்.

"வாங்கினது அவங்களுக்கு இல்லை சார். 'எங்க வீட்டுல ஒருத்தங்க தானாவே கத்துக்கறாங்க. இப்பல்லாம் நல்லா வருது. தாடையில மட்டும்தான் நீலம் தெரியுது'ன்னாங்க. யாருன்னு அவங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை."

ஆரஞ்சு நிறக் குச்சி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அதுக்குத்தான் இதைக் குடுத்தேன். இது உதட்டுக்கு இல்லை. தாடையில தடவி, அதுக்கு மேல பவுண்டேஷன் போடணும். சுவத்துக்குப் பிரைமர் அடிக்கிற மாதிரி."

நீலத்தை அடக்க ஆரஞ்சு. பெயிண்ட் கடையில் தினமும் அவர் செய்கிற வேலை. மூன்று தடவை கைக்கு வந்ததைக் குப்பையில் போட்டிருக்கிறார்.

"எப்படிப் போடணும்னு அவங்ககிட்ட சொல்லிடுங்கக்கான்னேன். 'சொன்னா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுடும். ரொம்ப வெக்கப்படுவாங்க. அவங்களா என்னைக்காவது வாயைத் திறக்கட்டும், மறுநாளே உன்கிட்ட கூட்டிட்டு வரேன்'னாங்க. ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்வாங்க."

கலர்காரர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் தங்கை வீடு நாலு தெரு தள்ளித்தான். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம்; ஃபோனில் அவள் சொன்னதோ முக்கால் மணி நேரம். இத்தனை வருஷத்தில் அது அவருக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

கடைக்காரம்மா டப்பாவையும் குச்சியையும் பையில் போட்டாள்.

"யாருக்குன்னு சொன்னீங்க சார், அக்கா பொண்ணுக்கா?"

"இல்லைம்மா. எனக்கு."

பதினோரு வருஷம் அவள் காத்திருந்த வார்த்தை, கடைசியில் ஒரு கடைக்காரம்மா காதில் விழுந்தது.