பினாங்கு வழி வந்த பிள்ளை

ஏழெட்டு மாதத்துக்கு முன், செல்வக்கனி மொட்டை மாடியில் காயப்போட்ட கருவாட்டை, நாற்றம் தாங்கவில்லை என்று அடுத்த வீட்டு ஜெசிந்தா அள்ளிக் கீழே வைத்துவிட்டாள். தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு ரூட்டர்; ஒரு வீட்டுச் செய்தி, சேர்ந்திருக்கும் வீடுகளின் ரூட்டர் வழியே கைமாறித்தான் போகும். யாரோடு சேர்வது என்பது அந்தந்த வீட்டார் இஷ்டம். செல்வக்கனி பேச்சை நிறுத்தியதோடு விடவில்லை. ரூட்டரின் கறுப்புத் திரையில் ஜெசிந்தா வீட்டு எண்ணைப் போட்டு, ‘ஷட்டவுன்’ என்று தட்டி அந்த வழியையே அடைத்தாள்.

இன்று காலை இட்லிக்கு மாவு ஊற்றும்போது திரையில் ஒரு புது வரி ஓடியது. ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை. பிள்ளைக்கு வலையில் தனி முகவரி கொடுத்து அறிவித்திருந்தார்கள். செய்தி வந்த பாதையும் கூடவே தெரிந்தது: சென்னை, கொழும்பு, செல்வக்கனியின் பினாங்குச் சித்தி வீடு, பிறகு இவள் வீடு.

“செவத்துக்கு அங்கிட்டு இருக்க பிள்ள பினாங்கச் சுத்தியா நம்ம வீட்டுக்கு வரணும்?” என்று செல்வக்கனி சிரித்தாள்.

“வழிய அடைச்சது நீதான?” என்றான் கணவன்.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, பழைய கட்டளைக்கு முன்னால், அதை ரத்து செய்யும் ஒரு ‘நோ’ சேர்த்துத் தட்டினாள். அந்தப் பக்கமும் அடைத்திருந்தால் இணைப்பு வராது. என்ன சொல்லிச் சமாதானம் பேசுவது என்று அவள் யோசிப்பதற்குள் இணைப்பு வந்துவிட்டது.

ஜெசிந்தா தன் பக்கத்தை மூடவேயில்லை. இத்தனை மாதமும் அவள் ரூட்டர் இந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

சுவருக்கு அப்பால் குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாக ஜெசிந்தா கத்தினாள்: “எக்கா, தொறந்துட்டியளா! கருவாட்டுக் கொழம்பு வச்சு எடுத்துட்டு வாங்க. இப்ப கொமட்டாது!”