கடைசி நெற்றி

காக்களூர் கால்பந்து கிளப்பின் ஓனர் சந்திரமோகன், ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீரனின் நெற்றியிலும் திருநீறு இட்டுக்கொண்டே வருகிறார். வரிசையின் கடைசியில் நிற்கிறார் கானாவிலிருந்து வந்திருக்கும் புதிய கோச் இம்மானுவேல். கழுத்தில் வெள்ளிச் சிலுவை. "கோச்சு வேணான்னுட்டா, ஓனரு இன்னியோட சீட்டக் கிழிச்சிடுவாருடா," என்று முணுமுணுக்கிறான் வரிசையில் நிற்கும் விஜயகுமார். பக்கத்தில் நின்று கோச்சுக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்லும் கோல்கீப்பர் லோகுவுக்குக் கையுறைக்குள் வேர்க்கிறது. தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. இம்மானுவேல் சிலுவையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, கண்ணை மூடித் தலையைக் குனிகிறார். சந்திரமோகனின் விரல்கள் அந்தக் கறுத்த நெற்றிக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிடுகின்றன. "கைய நீட்டச் சொல்லு லோகு, போட்டுடறேன்." தன் ஊர்க் கோயிலில் தன் உள்ளங்கைக்குத் திருநீறு எந்த உயரத்திலிருந்து விழும் என்பது லோகுவுக்குத் தெரியும். அவன் அதைக் கோச்சுக்கு மொழிபெயர்க்கவில்லை. குனிந்த தலை இன்னும் காத்திருக்கிறது.