பார்னிக்கு என்ன தீனி?

"அயர்லாந்துல குதிரைக்குத் தீனி போடத் தெரிஞ்ச ஆளு ரெண்டே பேரு. ஒருத்தர் எங்க அப்பா, போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்சம் நான்தான்" என்றான் ஃபின்டன். ஓட்ஸ் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து சொன்னதால், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போலவே இருந்தது.

லாயத்தில் குதிரை கட்டியிருந்த ஏழெட்டுப் பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். நோரீன் மட்டும் ஆட்டவில்லை. தன் குதிரைக்காக முந்தின நாள் மாலையே ஊறப்போட்ட பீட் கிழங்குச் சக்கையில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா நோரீன், இது குதிரைக்கா, பல்லு போன கிழவனுக்கா?"

"குதிரைக்குத்தான். உனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறேன். தின்னுற நேரமாவது பேச்சு நிக்கும்ல?"

ஃபின்டனின் பார்னி துடியான குதிரை. வேலியில் ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தால் போதும், பக்கத்து ஊர் வரைக்கும் ஓடும். தின்றதெல்லாம் அந்த ஓட்டத்திலேயே கரைந்துவிடும். விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். போன மாதம் அதை வாங்கிப் போனவர் ஐந்தாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். மனைவி வண்டியோட்ட, அவர் பின்சீட்டில் குப்புறப் படுத்தபடி வந்தார்.

"துடியான குதிரைக்கு ஓட்ஸ் போட்டா, எரியற அடுப்புல பெட்ரோல் ஊத்தின மாதிரி" என்றாள் நோரீன். "வயிறு நிறையப் புல்லு, ஊறின சக்கை, கொஞ்சம் எண்ணெய். உடம்புல ஏறும், தலைக்கு ஏறாது."

"சக்கை மாட்டுக்கு. ஓட்ஸ் குதிரைக்கு. இது தெரியாதவங்க முயல் வளர்க்கலாம்." ஃபின்டன் மூட்டையைத் தட்டினான். "ஆறே வாரம். தேச்ச பித்தளை மாதிரி ஆக்கிக் காட்டுறேன். விலை போகலைன்னா, இல்ல வித்தும் திரும்பி வந்தா, சந்தைக்கு ஓட்டிடறேன்."

எலும்பும் கோபமுமாய் நிற்கும் குதிரையைச் சந்தையில் யாரும் சவாரிக்கு வாங்குவதில்லை. கறிக்கு எடை போட்டுத்தான் வாங்குவார்கள். நோரீன் பார்னியின் மூக்கைத் தடவி, "உனக்கு நேரம் சரியில்லடா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் காலையில் எல்லோரும் பார்க்க, ஓட்ஸ் மூட்டையைத் தோளில் சுமந்து தன் கொட்டடிக்குள் போவான் ஃபின்டன். உடனே கதவைச் சாத்திக்கொள்வான். கேட்டால் தொழில் ரகசியம் என்பான். வாரத்துக்கு ஒரு மூட்டை காலியானது.

பார்னியின் விலா மறைந்தது. முதுகு உருண்டது, ரோமம் மின்னியது. பக்கத்தில் டிராக்டர் உறுமினாலும் அரைக்கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. ஃபின்டனின் கொட்டடிக்கே ஒரு யோகம் வந்திருந்தது. அங்கே மேய்ந்த கோழிகள்கூட வாசற்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கின.

லாயம் மொத்தமும் ஓட்ஸுக்கு மாறியது. ஒரே மாதத்தில் இரண்டு வேலிகள் உடைந்தன, மூன்று கைகள் உடைந்தன. யாரும் ஓட்ஸைக் குறை சொல்லவில்லை. சேணத்தை மாற்றினார்கள்.

நோரீனே ஆடிப்போனாள். இருபது வருடமாக நம்பிய வாளியைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆறாவது சனிக்கிழமை டீசி அம்மாள் என்பவள் தன் பன்னிரண்டு வயது மகளுக்குக் குதிரை வாங்க, அவளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தாள். பார்னி சோபாவுக்குக் கால் முளைத்தது போல மெத்தென்று நடந்தது. டீசி அம்மாளும் ஃபின்டனும் உள்ளங்கையில் துப்பி, ஓங்கி அடித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். பேரம் முடிந்தது.

"என்ன தீனி போடுறீங்க? அதையே நாங்களும் போட்டுக்கறோம்" என்றாள் டீசி அம்மாள்.

"ஓட்ஸ்!" ஃபின்டன் குரல் லாயத்தின் கடைசிக் கொட்டடி வரைக்கும் போனது. "மூணு வேளையும் ஓட்ஸ்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கட்டுப் போட்டிருந்தவர்கள் ஒரு கையால் தொடையில் தட்டினார்கள்.

நோரீன் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு கடிவாளத்தைவிட மெலிசு. இங்கே எப்படியோ ஒத்துப்போன ஓட்ஸ் புது இடத்தில் வேலையைக் காட்டினால்? அந்தப் பிள்ளை போய் விழுவது எந்தக் கல்லிலோ? பார்னிக்கு அப்புறம் சந்தைதான். சிரித்தால் சிரிக்கட்டும், ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று, பார்னியை ஏற்றி டீசி அம்மாளின் காரோடு பூட்டியிருந்த வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி ஓடினாள்.

அங்கே அவளுக்கு முன்னால் ஃபின்டன் நின்றான். கார் ஜன்னலில் குனிந்து, டீசி அம்மாள் கையில் ராசிக்காக ஒரு நோட்டைத் திணித்தான். விற்றவன் அப்படிக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால்தான் குதிரை நிலைக்கும் என்பது வழக்கம். நோரீன் வண்டி மறைவிலேயே நின்றுவிட்டாள்.

கொடுத்த பிறகும் அவன் நகரவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தான். மழைக்கோட்டுக்குள்ளிருந்து மூடி போட்ட ஒரு வாளியை உருவி, பின்சீட்டுக்கடியில் மெல்லத் தள்ளினான்.

"எண்ணெய் விட்டுப் பிசைஞ்ச சக்கைங்க, நேத்தே ஊறப்போட்டது. ஆறு வாரமா பார்னி வாயில ஒரு மணி ஓட்ஸ் படல."