ஆள் உள்ளே

முரசுமோட்டை அரிசி ஆலையில், புளித்த தவிட்டு நாற்றம் மத்தியான வெயிலில் குமட்டுகிறது. இயந்திரத்துக்குள் இடுப்புவரை நுழைந்து, செத்த எலியை வழித்தெடுக்கிறான் சங்கிலி. உருளை சுற்றினால் அவனும் தவிடுதான். மெயின் சுவிட்சில் கண்ணூறுக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் அழுகி, கணக்கப்பிள்ளையாகிய நான் முத்துமுத்தாக எழுதிய “ஆள் உள்ளே” பலகைமேல் வடிகிறது. ஆள் இல்லாத நாளிலும் அதை நான் கழற்றுவதில்லை. எழுத்து அவ்வளவு அழகு. “உந்தப் பலகை எப்பவும் தொங்கிறதுதானே” என்றபடி, வெற்றிலை எச்சில் பிசுபிசுக்கும் விரலால் முதலாளி சுவிட்சைத் தள்ளுகிறார். “ஐயோ, சங்கிலி உள்ளுக்கை!” என்கிறேன், கதிரையை விட்டு எழும்பாமலே. உருளை அசையவில்லை. “நல்லா போடுங்க மொதலாளி,” உள்ளேயிருந்து சங்கிலி சிரிக்கிறான். “பியூஸ் மூணையும் கழட்டி மடியில வச்சிருக்கேன். கணக்கப்புள்ள பலகைய நம்பியா உள்ள பூந்தேன்?” எலி என் காலடியில் வந்து விழுகிறது. அதைவிட என் எழுத்துத்தான் நாறுகிறது.